அறுபத்தெட்டரை அங்குலம்

அம்மாவின் தையல் மெஷினில் பெல்ட் அறுந்தபோது நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்து நாடா வெட்டிக்கொண்டிருந்தேன். ஈரத் துணியை ஒரு தடவை உதறினால் வருமே, அந்தச் சத்தம். கீழே இருந்த பெரிய சக்கரம் பாரம் இல்லாமல் இன்னும் நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. ஊசிக்கு அடியில், பாதி தைத்த பையோடு, நீலக் கட்டம் போட்ட குழந்தைச் சட்டை ஒன்று மாட்டிக்கொண்டு கிடந்தது. அது எட்டாவது சட்டை. மொத்தம் இருபத்திரண்டு. அன்று புதன்கிழமை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தச் சட்டைகள் இருபத்திரண்டு பிள்ளைகளின் உடம்பில் இருக்க வேண்டும்.

"அறுந்துருச்சாம்மா?"

"இல்ல, லீவு போட்டிருக்கு," என்றார் அம்மா. காலை இன்னும் மிதிபலகையிலிருந்து எடுக்கவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அம்மா பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தார். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் தங்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுப்போய்ப் பின்னேரம் தூக்கிக்கொண்டு போகும் இடம் பிள்ளைக்காம்பரா. நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துபவளாக வேலை செய்தேன். பத்து நாள் லீவில் வந்து மூன்றாவது நாள் பெல்ட் அறுந்தது.

சட்டைகளின் கதையை அம்மா எனக்குச் சொன்னார். தொழில் பழக்கத்தில் அதை வேறு இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மூன்றும் ஒத்துப்போயின. தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள், பிள்ளைக்காம்பராவுக்கும் வருவார்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி மேல்சட்டை வேண்டும். தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் துணியை வாங்கிவிட்டு, வயதுவாரியாக அளவு போட்ட தாள் ஒன்றோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் அவரை வெல்பெயர் ஐயா என்போம்.

"ஹட்டனிலை ஒரு ரெய்லரோடை கதைச்சு வைச்சிருக்கிறன் அம்மா. அவர் ஒரு கிழமையிலை முடிச்சுத் தருவார்," என்றார் அவர்.

"அந்த டெய்லரு நம்ம புள்ளைகளப் பாத்திருக்காருங்களா?"

"அளவெல்லாம் இந்தத் தாளிலை இருக்குதுதானே."

"அதுல வயசு இருக்குங்கய்யா. புள்ள இல்லீங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா நிறுத்தவில்லை. துணியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டே, "சனிக்கிழம பத்து மணிக்கு இருவத்திரெண்டும் இருக்கும். இல்லேன்னா ஆயா வேலைய விட்டுட்டுத் திரும்பக் கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போறேன்," என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. "சீச்சீ, அப்பிடியெல்லாம் சொல்லாதேங்கோ," என்று ஐயா பதறியிருக்கிறார். ஆனால் பின்னேரம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அது பேச்சாகி, இருட்டுவதற்குள் நான்கு லயங்களுக்கும் போய்விட்டது. மறுநாள் பிள்ளையை விட வந்த ஒருத்தி, "ஆயா, ஒங்க கூட ஓட்டையா இருக்குமே, எங்க பழைய கூட ஒண்ணு இருக்கு, வேணுமா?" என்று கேட்டாளாம். அம்மா பத்து வருடம் கொழுந்து பறித்துவிட்டு, முழங்கால் தேய்ந்த பிறகு வாங்கிய வேலை அது. வாய் தவறி வைத்த பந்தயம் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா ஒருத்திதான் அதைப் பந்தயமாகவே எடுத்துக்கொண்டவர். தைத்து முடியும்வரை பிள்ளைகளை உதவி ஆயாவிடம் விட்டிருந்தார்.

பெல்ட் அறுந்த சத்தம் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டிருக்க வேண்டும். சித்தி நொண்டிக்கொண்டே வந்தார். சொந்தச் சித்தி இல்லை; சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற சித்தி. அட்டை கடித்த இடம் சீழ் வைத்து அந்த வாரம் மலைக்குப் போகாமல் இருந்தார்.

"இதுக்குப் போயி ரெண்டு பேரும் எழவு வீடு மாதிரி ஒக்காந்திருக்கீங்களே," என்றவர், தன் கொழுந்துக் கூடையைக் கொண்டுவந்து, தலையில் மாட்டுகிற கயிற்றை அவிழ்த்தார். "நாப்பது கிலோ தாங்குற கயிறு. ஒம்மெஷினுக்குத் தாங்காதா?"

தாங்கியது. ஆனால் சுற்றவில்லை. தலையெண்ணெயில் பல வருடம் ஊறிய கயிறு அது. அம்மா மிதிக்க மிதிக்கக் கீழ்ச்சக்கரம் ஓடியது. மேலே இருந்த கைச்சக்கரம் நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிப் போட்டுப் பார்த்தோம். அது சுற்றியது. ஒவ்வொரு மிதிக்கும் இழுபட்டு, விட்டு, மறுபடி இழுபட்டு, மெஷினை இரண்டு தையல் முன்னாலும் ஒரு தையல் பின்னாலுமாக ஓட்டியது. நூல் அடியில் கூடு கட்டிக்கொண்டது.

"நாளைக்கு ஹட்டனுக்குப் போய் வாங்கிட்டு வர்றேம்மா," என்றேன்.

"முந்தாநேத்து அந்த வழியாத்தான வந்த. அப்பவே வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?"

"முந்தாநேத்து அறுந்திருக்கலியே."

"அதுவும் சரிதான்," என்றார் அம்மா. அறுந்த இரண்டு துண்டுகளையும் மெஷினிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போனார்.

அவை இரண்டும் அடுப்புக்கு மேலே இருந்த கம்பியில் தொங்கவிடப்பட்டன. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் அம்மாவுக்குப் பதில் தெரிந்திருக்காது. மழை மாதத்தில் எங்கள் காம்பராவில் ஈரமாகத் தோன்றும் எதுவும் அந்தக் கம்பிக்குத்தான் போகும். காலுறை, பள்ளிக்கூடச் சட்டை, விறகு, ஒரு தடவை மழையில் நனைந்த என் நியமனக் கடிதம். அடுப்புக்கு மேலே தொங்கவிடுவதை நாங்கள் ஒரு செயலாகவே கணக்கில் வைப்பதில்லை.

வியாழன் காலை ஐந்தரைக்கு எழுந்து, கம்பியிலிருந்து துண்டுகளை எடுத்து, அம்மாவின் டேப்பால் அளந்தேன். ஒன்று நாற்பத்தொரு அங்குலம். மற்றது இருபத்தேழரை. சந்தேகம் வேண்டாம் என்று இன்னொரு தடவை அளந்தேன். கூட்டி, குறிப்புப் புத்தகத்தில் 68½ என்று எழுதி, கீழே கோடு போட்டேன்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "ஒரு நூல எடுத்து ரெண்டு சக்கரத்தையும் சேத்துச் சுத்திப் பாத்து, அந்த நூலக் கொண்டு போயேன்டி," என்றார்.

"பழைய பெல்ட்டே இருக்கே. இதைவிட என்ன அளவு வேணும்?"

"படிச்ச புள்ள சொன்னாச் சரி," என்றார்.

ஆறேகால் பஸ்ஸில் ஏறித் தலவாக்கலையில் மாறி ஹட்டனுக்குப் போய்ச் சேர எட்டரை ஆகிவிட்டது. தையல் மெஷின் சாமான் விற்கும் கடையில் ஊசி இருந்தது, பொபின் இருந்தது, எண்ணெய்க் குப்பி இருந்தது, மெஷினுக்குப் போடும் பூப்போட்ட உறைகூட இருந்தது. பெல்ட் இல்லை. "லபன சதியே, நங்கி," என்றார் சிங்கள முதலாளி. அடுத்த வாரம் வருமாம். என் வாரம் இந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முடிந்துவிடுகிறது என்பதைச் சிங்களத்தில் சொல்ல முயன்றேன். அவருக்குச் சனிக்கிழமை விளங்கியது. மற்றது விளங்கவில்லை. ஆனாலும் பரிதாபப்பட்டார்.

இரும்புக் கடையில் ரப்பர் பெல்ட் ஒன்றைக் காட்டினார்கள். மாவு அரைக்கும் மெஷினுக்கு ஆனது. என் மணிக்கட்டு அகலம். இன்னொரு கடையில் நைலோன் கயிறு தருவதாகச் சொன்னார்கள். கயிறு பற்றி எனக்கு முதல் நாளே அனுபவம் இருந்தது. திரும்பவும் முதல் கடைக்கே வந்து நின்றபோது முதலாளி கொஞ்சம் யோசித்து, மார்க்கட் படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார். மேல் மாடியில் ஒரு டெய்லர் இருக்கிறார். அவர் தன் மெஷின்களுக்கு மோட்டார் பூட்டிவிட்டார். அவரிடம் பெல்ட் மிச்சம் இருக்கலாம்.

மிச்சம் இருந்தது. படியேறி உள்ளே போனதுமே பார்த்துவிட்டேன். சுவரில் ஒரு ஆணி, ஆணியில் புத்தம்புதுத் தோல் பெல்ட், சுருள் பிரிக்காமல். அதற்குக் கீழே ஐம்பது வயது மதிக்கத்தக்க டெய்லர், கழுத்தில் டேப்போடு ஒரு காற்சட்டைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தார். முஸ்லிம்காரர்; எல்லோரும் அவரை அண்ணன் என்ற பொருளில் நானா என்றே கூப்பிட்டார்கள். பின்னால் இரண்டு பேர் மோட்டார் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பெல்ட்டா? ஈக்கி. அந்த ஒண்டுதான் ஈக்கி," என்றார் நானா. 'இருக்கு' அவர் வாயில் 'ஈக்கி'. "எந்தத் தோட்டம் தங்கச்சி?"

சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அங்க புள்ளக்காம்பராக்கு உடுப்புத் தைக்கிறேன்டு ஒரு ஆயா நிக்கிறாவாமே, தெரியுமா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. பிரயோசனம் இருக்கவில்லை.

"எங்கம்மாதான், நானா."

பின்னால் இரண்டு மெஷின்களும் ஒன்றாக நின்றன.

"அப்ப என்ட ஓடரக் கொண்டு போன ஆயாக்கு, இப்ப என்ட பெல்ட்டும் வேணும்."

"ஆமாங்க."

"ஊசி, நூல் ஒண்டும் வாணாமா? இந்தா, இவர வேணுமெண்டாலும் கூட்டிட்டுப் போங்க. நல்லாத் தைப்பார். சாப்பாடுதான் கொஞ்சம் கூட." பின்னால் இருந்தவர்களில் பருமனானவர் எழுந்து கும்பிடு போட்டார். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண் மட்டும் ஆணியிலேயே இருந்தது.

நானா பெல்ட்டை எடுத்து மேசையில் போட்டார். "தாரன். ஆனா ஒண்டு. தச்சு முடிச்சதும் ஒரு சட்டய எனக்குக் கொண்டந்து காட்டணும். உள்பக்கம் பாக்கணும். வெளிப்பக்கம் எல்லாருந்தான் வடிவாத் தைப்பாங்க."

சம்மதித்தேன். காசைக் கொடுத்துவிட்டுக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். "அறுபத்தெட்டரை அங்குலம். வெட்டித் தாங்க."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "பெல்ட் எழுவத்திரெண்டுலதான் வரும். வெட்டாமக் கொண்டு போங்க. மெஷின்ல போட்டுப் பாத்து அங்க வெட்டிக்கொளுங்க."

"ரெண்டு தடவை அளந்திருக்கேன், நானா."

"ரெண்டு தடவ அளந்தா ஒரு தடவ வெட்டலாம். ஆனா உடம்புல போட்டுப் பாக்காம நான் காலரே வெட்ட மாட்டன்."

"பழைய பெல்ட்டை வச்சு அளந்ததுங்க. அரை அங்குலம்கூட மாறாது."

இன்று யோசித்தால், வெட்டாமல் கொண்டுபோவதில் எனக்கு எந்த நட்டமும் இருக்கவில்லை. எழுதிக் கோடு போட்ட ஒரு எண்ணை இன்னொருவர் நம்பாததுதான் குத்தியது. நானா தோளைக் குலுக்கினார். அளந்து, சோக்கட்டியால் கோடு போட்டு, சரியாக அறுபத்தெட்டரையில் வெட்டினார். இரண்டு நுனியிலும் துளை போட்டு, சின்னக் கம்பி ஊக்கு ஒன்றைக் காகிதத்தில் மடித்துத் தந்தார். மூன்றரை அங்குலத் துண்டு மேசையிலேயே கிடந்தது.

நான் திரும்பி வந்தபோது பின்னேரம் மூன்று மணி. இஸ்தோப்பில், அதாவது காம்பராவின் முன்பக்கத் தாழ்வாரத்தில், சித்தியும் அம்மாவும் ஒரே மெஷினில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி கைச்சக்கரத்தைக் கையால் சுற்ற, அம்மா துணியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"மெதுவாச் சுத்துன்னா நிறுத்திப்புடுற. சுத்துன்னா மாட்டு வண்டிய வெரட்டுற மாதிரி வெரட்டுற."

"நான் கொழுந்து எடுக்குற கைக்காரி. சக்கரம் சுத்துற கைக்காரி வேணும்னா பக்டரியில போயிக் கேளு."

காலையிலிருந்து எட்டாவது சட்டையை முடித்து, இன்னும் இரண்டு தைத்திருந்தார்கள். பத்து ஆகிவிட்டது. மிச்சம் பன்னிரண்டு. என்னைக் கண்டதும் சித்தி சக்கரத்தை விட்டுவிட்டு விரல்களை நெட்டி முறித்தார். "வந்துட்டா மகாராணி. இனி நான் ரிட்டாயர்."

அம்மா பெல்ட்டைக் கீழ்ச்சக்கரத்தில் போட்டு, பலகையின் இரண்டு துளைகளின் வழியாக மேலே எடுத்து, கைச்சக்கரத்தைச் சுற்றி இரண்டு நுனிகளையும் பக்கம் பக்கமாகக் கொண்டுவந்தார். அவை சந்திக்கவில்லை. இழுத்தார். சித்தி ஒரு நுனியையும் நான் ஒரு நுனியையும் பிடித்து இழுத்தோம். நடுவில் இரண்டு அங்குலம் வெறுமையாக நின்றது.

நான் உள்ளே ஓடிப் பழைய துண்டுகளை எடுத்துவந்து மறுபடி அளந்தேன். நாற்பத்தொன்று. இருபத்தேழரை. புதியதை அளந்தேன். அறுபத்தெட்டரை. பிழை எதுவும் இல்லை. பத்திரிகையில் இப்படி ஒரு பக்கம் வந்தால் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பியிருப்பேன்.

"பெல்ட்டு சரியாத்தான் இருக்கு," என்றார் அம்மா. "ராத்திரிக்கு ராத்திரி மெஷினு வளந்துருச்சு போல."

"வெட்டுன துண்டு எங்க புள்ள?" என்று சித்தி கேட்டார்.

"கடையிலேயே விட்டுட்டேன்."

மறுபடி ஹட்டனுக்குப் போய் வந்தால் வெள்ளி பின்னேரம் ஆகிவிடும்; அதன் பிறகு பன்னிரண்டு சட்டை நடக்காது. சித்தி என்னைத் திட்டத் தொடங்குவதற்காக மூச்சை இழுத்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"மழ மாசத்துல பழைய பெல்ட்டு என்ன பண்ணும்?" என்று என்னிடம் கேட்டார்.

"ஈரத்துல நீண்டு தொங்கும். நீங்க கொஞ்சம் வெட்டிட்டுத் திரும்ப மாட்டுவீங்க."

"அப்ப இதையும் தொங்க வைப்போம்."

பெல்ட்டைக் கை சுடாத வெந்நீரில் கால் மணி நேரம் போட்டார். எடுத்துத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவினார். ஒரு நுனித் துளையில் கம்பி கோத்து இஸ்தோப்பின் கூரைச் சட்டத்தில் கட்டினார். மறு நுனியில் அம்மிக் குழவியைக் கட்டித் தொங்கவிட்டார். குழவி தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மெதுவாக ஒரு பக்கம் சுற்றி, நின்று, மறுபக்கம் சுற்றியது. ஐந்து மணிக்கு மலையிலிருந்து மூடுபனி இறங்கி இஸ்தோப்புக்குள் வந்தது. வேலை முடிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"என்னா ஆயா, குழவிக்குத் தூக்குத் தண்டனையா?"

"ஒம்மவன் சட்டதான் அதுல தொங்குது. பேசாமப் போ."

வெள்ளிக்கிழமை காலையில் அளந்தபோது பெல்ட் எழுபது அங்குலம் இருந்தது. ஒன்றரை அங்குலம் நீண்டிருந்தது. இன்னும் அரை அங்குலம் போதவில்லை. ஊக்கோ கால் அங்குலத்துக்கு மேல் எட்டாது. அம்மா ஊக்கைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். பிறகு பின்னந்தலைக்குக் கையைக் கொண்டுபோய்க் கொண்டையிலிருந்து ஊசி ஒன்றை உருவினார். கறுப்புக் கம்பி, வளைந்த கொண்டை ஊசி. அதன் ஒரு காலை ஒரு துளையிலும் மறு காலை மறு துளையிலும் நுழைத்து, இடுக்கியால் நுனிகளை மடித்து, கல்லால் தட்டினார். இரண்டு நுனிகளுக்கும் நடுவே அரை அங்குலம் வெறும் கம்பி.

மிதித்தார். சுற்றியது. கொண்டை ஊசி கைச்சக்கரத்தைக் கடக்கும்போதெல்லாம் 'டிக்' என்றது. ஏழெட்டுத் தையலுக்கு ஒரு டிக். முதல் பத்து நிமிடம் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டோம். பிறகு சித்தி, "கடியாரம் வாங்குன மாதிரி ஆச்சு," என்றார். அதோடு வேலை தொடங்கியது. சித்தி ஓரம் மடித்துக் கொடுத்தார். நான் பைகளைக் குத்தூசி போட்டு வைத்தேன். மத்தியானச் சோற்றை அம்மா மெஷினில் இருந்தபடியே மூன்று வாயில் முடித்தார். டிக் நின்றால் நூல் மாற்றுகிறார் என்று அர்த்தம். பக்கத்து லயத்திலிருந்து ஆட்கள் வந்து எத்தனை ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பழைய கூடை தருகிறேன் என்றவளும் வந்தாள். வந்தவளைச் சித்தி உட்காரவைத்து நாடா தைக்க விட்டார்.

இருபத்திரண்டாவது சட்டை ஆறு மணிக்கு முடிந்தது. அம்மா எழுந்து நிற்க முயன்று, முடியாமல், மறுபடி உட்கார்ந்து சிரித்தார்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. பிள்ளைகளை அவரவர் அம்மாமார் கம்பளி ஸ்வெட்டரில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். சிவப்பு, மஞ்சள், அண்ணனுடைய பழையது, அளவில்லாதது. ஒன்பதரைக்கு வந்த வெல்பெயர் ஐயா வாசலில் நின்று இந்த நிறங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "சுவெற்றரைக் கழட்டத்தான் வேணும் போலை... ஆனா குளிர்..." என்று அவர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா முதல் பிள்ளையைப் பிடித்து, ஸ்வெட்டருக்கு மேலேயே சட்டையைப் போட்டு முதுகில் நாடாவைக் கட்டினார். கை தாராளமாக நுழைந்தது. மார்பில் இறுகவில்லை. ஒவ்வொன்றாக இருபத்திரண்டும் அப்படியே. பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அறை முழுக்க ஒரே நீலக் கட்டம். அதற்கு உள்ளே எல்லோரும் சூடாக இருந்தார்கள்.

ஐயா உதடு அசைய எண்ணினார். எண்ணி முடித்துக் கையிலிருந்த அளவுத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "கூடை தேவைப்படாது அம்மா," என்றார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

விருந்தினர்கள் எட்டு நிமிடம் இருந்தார்கள். சட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அதைப் பொருட்படுத்தவும் இல்லை. திங்கட்கிழமை எந்தப் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போகிறாய் என்று சனிக்கிழமை மத்தியானமே கேட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டையைத் திரும்ப வாங்கித் துவைத்துக் காயப்போட்டு, திங்கட்கிழமை காலை செய்தித்தாளில் சுற்றித் தந்தார். நானா அதைப் பிரித்ததும் முதலில் முகர்ந்தார்.

"எனத்துக்கு இது புகை மணக்குது?"

"மழைங்க. அடுப்புக்கு மேலதான் காயப்போடுவோம்."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தையும்."

"அறுந்த பெல்ட்டயும்?"

நான் மெதுவாகத் தலையாட்டினேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து, மூன்றரை அங்குலத் தோல் துண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதத் தேடி அடுத்த பஸ்ஸுலயே வருவீங்கண்டு எடுத்து வச்சன். தோல அடுப்புக்கு மேல போட்டாச் சுருங்கும் தங்கச்சி. நீங்க அளந்தது பெல்ட்ட இல்ல, கருவாட்ட." பின்னால் பருமனானவர் மெஷினில் தலையை வைத்துச் சிரித்தார். எப்படிச் சமாளித்தோம் என்று கேட்டார் நானா. குழவியையும் கொண்டை ஊசியையும் சொன்னேன். கொண்டை ஊசிக்கு மட்டும், "அது நல்ல வேல," என்றார்.

பிறகு சட்டையை உள்பக்கம் திருப்பினார். தையலை விரலால் நெடுகத் தடவினார். ஓரத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். அறையில் மோட்டார்கள் நின்றுதான் இருந்தன.

"தையல் சரி. கைக்குழிதான் பிழ. மூணு வயசுப் புள்ளக்கி இவ்வளவு பெருசா வெட்டுவாங்களா? உங்கும்மா அளவு தவறிட்டாங்க."

"உள்ள ஸ்வெட்டர் இருக்குங்க, நானா. எங்க பக்கம் பிள்ளைங்க அதைக் கழட்டுறதே இல்ல."

சட்டையை மடித்து வைத்தார். மேசையின் மூலையிலிருந்த அளவுப் புத்தகத்தை இழுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, காதிலிருந்த பென்சிலால் எதையோ எழுதினார். தலைகீழாகப் படிப்பது என் தொழிலில் ஒரு பகுதி.

வீட்டுக்குள் நுழையும் முன்னே அம்மா கேட்டார். "என்ன சொன்னாரு?"

"தையல் சரின்னாரு. கைக்குழி பெருசுன்னாரு. நான் காரணம் சொன்னேன். அப்புறம் அவரோட புத்தகத்துல எழுதிக்கிட்டாரு."

"என்னான்னு எழுதுனாரு?"

"'தோட்டத்துப் புள்ளைக்கு ஸ்வெட்டர்' அப்படின்னு."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டியாடி?" என்று சத்தமாகச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "கேக்குது, கேக்குது. அளந்தவளப் பத்தி என்ன சொன்னாரு, அதச் சொல்லச் சொல்லு," என்று சித்தியின் குரல் வந்தது.

கருவாடு என்ற சொல்லை நான் அன்று அறிக்கையில் சேர்க்கவில்லை.

ஆறு மாதம் கழித்துப் பொங்கலுக்கு வந்தேன். அம்மா இஸ்தோப்பில் யாருடையதோ ஜாக்கெட் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். டிக் சத்தம் இல்லை. குனிந்து பார்த்தேன். மழைக்கும் மிதிக்கும் பெல்ட் நீண்டுவிட்டிருந்தது. நுனிகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, காகிதத்தில் மடித்து நானா தந்த அந்தச் சின்ன ஊக்கில் அடக்கமாக மாட்டியிருந்தன. நான் கொண்டுவந்த அளவு கடைசியில் சரியாகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஆமா, ஆறு மாசம் பிந்தி," என்றார். குனிந்து நூலைப் பல்லால் கடித்தபோது, கொண்டையில் இரண்டு இடத்தில் மடித்து நிமிர்த்திய கறுப்பு ஊசி ஒன்று தெரிந்தது.